அம்மா ஒத்துக்கல

“முடியாதுன்னா முடியாதுதான். நீ எவ்ளோ கெஞ்சினாலும் சரி, அந்தப் பாலத்துல ஏறக் கூடாது!”

ஜோதிலட்சுமி ஒரு கையில் தோசைக் கரண்டியும் மறு கையில் போனுமாக நின்றாள். வீடியோ காலில் மகன் அபிஷேக். சிவில் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. பாலங்களைப் பார்த்துப் படிப்பதற்காகக் கல்லூரியிலிருந்து சீனாவுக்குக் கூட்டிப் போயிருந்தார்கள். அவன் முதுகுக்குப் பின்னால் இரண்டு மலைகள், நடுவில் மேகம், மேகத்துக்கு மேலே, தரை முழுக்கக் கண்ணாடியாலான ஒரு பாலம்.

“ம்மா, ப்ளீஸ்மா. எல்லாப் பசங்களும் போறாங்கம்மா. நான் மட்டும் எப்டிம்மா நிக்கறது?” குரல் அழுகிற மாதிரி இருந்தது.

“நின்னா காலு ஒடஞ்சிடுமா? நில்லு.”

மாமல்லபுரம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் அவர்களுடைய டிபன் கடை. காலை நாஸ்தாவுக்கு வந்து உட்கார்ந்திருந்த அவள் கணவர் சுப்பிரமணி இட்லித் தட்டைத் தள்ளி வைத்தார். செங்கல்பட்டுக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர் அவர். மகன் விமானம் ஏறிய நாளிலிருந்து வண்டியில் ஏறுகிறவர்களிடமெல்லாம் சீனாதான். “ஓட்டல்ல தண்ணி கேட்டா வெந்நிதான் குடுக்கறானுங்களாம். குச்சிய வெச்சி சோறு துன்றானுங்களாம். நம்ம பையன் ரெண்டே நாள்ல கத்துக்கினான்.” செங்கல்பட்டு போக வேண்டியவர்கள் சிலர் பாதி வழியில், திருக்கழுக்குன்றத்திலேயே இறங்கிக்கொண்டதும் உண்டு.

போனில் இன்னொரு முகம் நுழைந்தது.

“ஆன்ட்டி, நான் சாம். அபிஷேக் ஃபிரெண்டு. ஒண்ணும் ஆவாது ஆன்ட்டி. லாரியே போனாலும் அந்தக் கண்ணாடி தாங்கும்.”

“அப்போ லாரிய அனுப்பு. எம் புள்ளைய வுடு.”

அடுத்து ஒரு கனத்த குரல். “அம்மா, புரொபசர் அருணகிரி பேசறேன். மத்த எல்லார் வீட்லயும் சரின்னுட்டாங்க. வீட்டுல சம்மதிக்காம நான் யாரையும் ஏத்த மாட்டேன். பாவம், உங்க பையன்தான் ‘பாலத்த நான்தான் முதல்ல தாண்டுவேன்’னு பிளேன்லேர்ந்து சொல்லிக்கிட்டே வர்றான்.”

“அவன் ஆயிரம் சொல்லுவான் சார். பெத்தவ நான் சொல்றேன், வேணாம்.”

“சரிம்மா. அப்போ இந்தப் பக்கமே உட்கார வெச்சிடறேன்.”

“அப்டியே பண்ணுங்க சார். உங்களுக்குப் புண்ணியமாப் போவும்.”

போனை அணைத்து இடுப்பில் செருகிக்கொண்டு தோசையைத் திருப்பினாள்.

“ஏ ஜோதி, பாலம் கட்ற படிப்பு படிக்கிறவனப் போயி பாலத்துல ஏறாதன்றியே, இது இன்னா ஞாயம்?” என்றார் சுப்பிரமணி.

“கட்டட்டும். யாரு வேணான்னா?”

“அவன் மூஞ்சியப் பாத்தியா? அழுதுகினு கீறான்.”

“பாத்தேன், பாத்தேன். நல்லாதான் அழுவுறான்.”

“உனுக்கு நெஞ்சா, இல்ல கருங்கல்லா?”

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த இன்னொரு ஆட்டோக்காரர் மோசஸ் தைரியமாக வாயைத் திறந்தார். “அண்ணாத்த சொல்றது கரெக்ட்டு அண்ணி. இப்டிப் பொத்திப் பொத்தி வளத்தீங்கன்னா...”

“உனுக்கு இன்னொரு தோச வேணுமா, வேணாமா?”

மோசஸ் தட்டை நீட்டினார்.

சுப்பிரமணி கை கழுவப் போனார். கழுவி முடித்த பிறகும் அங்கேயே நின்றார். எல்லோரும் பாலத்தைக் கடந்து போய்விட, பையை மடியில் வைத்துக்கொண்டு மகன் தனியாக உட்கார்ந்திருக்கிற காட்சி கண்ணை விட்டு அகலவில்லை. படிப்பு முடிகிற வரைக்கும் பசங்கள் இதைச் சொல்லியே அவனை ஓட்டுவார்கள். அம்மா பிள்ளை என்று பட்டப்பெயரே வைத்துவிடுவார்கள்.

திரும்பிப் பார்த்தார். ஜோதிலட்சுமி சட்னி தாளித்துக்கொண்டிருந்தாள். ஆட்டோவுக்குப் பின்னால் போய்க் குனிந்துகொண்டு புரொபசருக்குப் போன் போட்டார்.

“சார், நான் அபிஷேக்கோட அப்பா. எனுக்கு முழுச் சம்மதம் சார். அவன ஏத்திடுங்க. ‘அம்மா வேணான்னாங்க’ன்னு பின்வாங்குவான். தங்கமான புள்ள சார், அம்மா பேச்சு தட்ட மாட்டான். நீங்க வுட்றாதீங்க. பசங்கள வுட்டு ரெண்டு கையயும் புடிச்சி இட்டுகினு போவச் சொல்லுங்க.”

ஒரு தகப்பன் செய்ய வேண்டியதைச் செய்துவிட்ட நிம்மதி. அன்று காலை முதல் தடவையாக அவருக்குச் சிரிப்பு வந்தது. பாட்டு ஒன்றை முணுமுணுத்தபடியே வண்டியைத் துடைத்தார்.

துடைத்து முடிப்பதற்குள் புரொபசரிடமிருந்து ஒரு போட்டோ வந்தது. பார்த்தவர் கடைக்குள் ஓடினார்.

“ஏ ஜோதி, திட்டாத. நான்தான் சாருக்கு போன் போட்டு ஏத்தச் சொன்னேன். இப்போ பாரு உம் புள்ளைய!”

பாலத்தின் நட்டநடுவில் அபிஷேக் குப்புறப் படுத்திருந்தான். கன்னம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தது. இரண்டு கைகளும் அகல விரிந்திருந்தன. கண்கள் மூடியிருந்தன. பக்கத்தில் சாம் அவனுடைய ஒரு காலைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

“மத்த பசங்கல்லாம் செல்ஃபி எடுத்துகினு கீறானுங்க. இவன் ஒருத்தன்தான் படுத்துகினு ஆராய்ச்சி பண்றான். இன்ஜினியருன்னா இவன்தான் இன்ஜினியரு!”

ஜோதிலட்சுமியின் கையிலிருந்த கரண்டி நழுவி மாவுக்குள் விழுந்தது.

“அட பாவி மனுஷா! ‘பசங்ககிட்ட பெருசாப் பேசிட்டேம்மா, பாலத்தப் பாத்தாலே காலு ஒதறுது, நான் எவ்ளோ அழுதாலும் நீ மட்டும் ஒத்துக்காத’ன்னு காலைல எனுக்கு போன் போட்டு கெஞ்சினதே அவன்தான்யா!”