மஞ்சள் அட்டையின் பக்கத்தில்

கட்டிய இடம் தப்பு. பூச்சி ஆராய்ச்சி செய்யும் பூங்கோதை, கத்தரித் தோட்டத்தில் வெள்ளை ஈ பிடிக்கப் பசை தடவிய மஞ்சள் அட்டையை ஒரு குச்சியில் கட்டினாள். காய்ப்புழுவின் முட்டையைத் தின்னும் குட்டிக் குளவிகள் பொரியப்போகும் அட்டையையும் அதே குச்சியில் கட்டிவிட்டாள்.

“யோவ், என் பிள்ளைகள் வெளியே வரும் நேரம். கொஞ்சம் தள்ளிக்கொள்ளேன்,” என்று கெஞ்சியது குளவி அட்டை.

“கட்டுப்பட்டுக் கிடக்கிறவன் எங்கே தள்ளிப்போவேன்? என் பசைக்கு நல்லவன் கெட்டவன் தெரியாதம்மா. உட்கார்ந்தால் ஒட்டும்.”

குளவி அட்டை உள்ளே அதட்டியது: “ஒருத்தரும் வெளியே வராதீங்க!”

“சும்மா பயமுறுத்தாதேம்மா,” என்று மூத்த குளவி வெளியே பறந்தது. பளிச்சென்ற மஞ்சளில் போய் உட்கார்ந்தது. அவ்வளவுதான், கால் ஒட்டிக்கொண்டது. உள்ளே மற்றவை முட்டை ஓட்டைச் சுரண்டத் தொடங்கியிருந்தன.

அப்போது பூங்கோதை லென்சோடு வந்தாள். ஈக்களுக்கு நடுவே தன் குளவி.

“ஐயோ, நானே கொன்னுட்டேனே!” மஞ்சள் அட்டையைப் பிய்த்துச் சுருட்டினாள்.

மற்ற பிள்ளைகள் எல்லாம் பத்திரமாகப் பறந்தன. கத்தரி பிழைத்தது. ஊர் பூங்கோதையைப் புகழ்ந்தது. ஆனால் குளவி அட்டைக்குத் தெரியும், காப்பாற்றியது சொல்பேச்சுக் கேட்காத அந்த முந்திரிக்கொட்டை, அதன் மூத்த பிள்ளை.