மூன்றாவது அழைப்பு

“ஐல்னா என்னப்பா?”

“கண்டக்டர் நடக்கிற இடம்.”

“பிளேன்ல கண்டக்டர் கிடையாது. ஐல் சீட்னா நடைபாதையை ஒட்டின சீட். சரி, டர்புலன்ஸ்?”

“குண்டும் குழியுமான ரோடு.”

“ஸ்டாண்ட்பை?”

“ஃபுட்போர்டுல தொங்கறவன்.”

சின்னவள் நோட்டை மூடிவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். தப்பு என்று சொல்லவும் முடியவில்லை, சரி என்று ஒப்புக்கொள்ளவும் மனசு வரவில்லை.

முப்பத்தொரு வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து, போன வருஷம்தான் தோல் பையை ஒப்படைத்தவர் அவர். ஊரையே ஏற்றி இறக்கியவர், விமானத்தை மட்டும் அண்ணாந்து பார்த்ததோடு சரி. மூத்த மகளின் பிரசவத்துக்காக மனைவி இரண்டு மாதம் முன்பே வெளிநாடு போய்விட்டாள். பேரனும் பிறந்துவிட்டான். இப்போது இவர் போக வேண்டும், அதுவும் தனியாக. அதனால் ஒரு மாதமாகச் சாயங்காலம்தோறும் சாப்பாட்டு மேஜையில் விமான நிலைய இங்கிலீஷ் பாடம் நடந்தது.

மொத்தம் எழுபது வார்த்தைகள். ஒவ்வொன்றையும் ஒரு வாக்கியத்தில் வைத்துச் சின்னவள் உரக்கப் படிப்பாள், அவர் அர்த்தம் சொல்ல வேண்டும். சொன்னோமா, அடுத்ததற்குப் போனோமா என்று இருக்க மாட்டார். தொழில் புத்தி சும்மா விடுமா?

“இப்படி முணுமுணுத்தா எப்படி? கடைசி சீட்டுல தூங்கறவன் எழுந்திரிக்கணும். இழுத்துச் சொல்லு. பேர் வந்தா நடுவுல உடைக்காதே.”

“பாடம் உங்களுக்கா எனக்கா?” என்றாள் அவள். “ஃபைனல் கால்னா?”

“கடைசியா கூப்பிடறது.”

“அதுக்கும் வரலைன்னா மைக்ல பேர் சொல்லி மூணு தடவை கூப்பிடுவாங்க. அப்புறம் கதவைச் சாத்திடுவாங்க.”

“ஒழுங்கா வந்து ஏறறவன் பேரைச் சொல்ல மாட்டாங்களா?”

“அவரை எதுக்குக் கூப்பிடணும்?”

அவர் நோட்டை இழுத்து அந்த வார்த்தைக்கு அடியில் கோடு போட்டார். “லேட்டா வர்றவனுக்கு மூணு தடவை மரியாதையா? நானெல்லாம் விசில் அடிச்சா அடிச்சதுதான். என் மாமனாரையே விட்டுட்டுப் போயிருக்கேன்.”

அது ஊரறிந்த கதை. மாமனார் இறங்கித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரை வாயிலிருந்து எடுப்பதற்குள் பஸ் போய்விட்டது. மனைவி இன்றுவரை அதை மறக்கவில்லை, அவரையும் மறக்க விடவில்லை.

பயண நாளன்று சின்னவள் காலையிலேயே கிளம்பிவிட்டாள். புது வேலை. முதல் நாளே லீவு கேட்டால் நன்றாகவா இருக்கும்?

“பயப்படாம போங்கப்பா.”

“நீயும்தான்,” என்றார் அவர்.

விமான நிலையத்தில் எழுபது வார்த்தைகளும் கைகொடுத்தன. செக்-இன் கவுன்டரில், விண்டோவா ஐலா என்று கேட்டார்கள். பழக்கதோஷம், ‘ஐல்’ என்றார். பெல்ட்டைக் கழற்றச் சொன்ன இடத்தில் கழற்றினார், மாட்டச் சொன்ன இடத்தில் மாட்டினார். ஏழாம் நம்பர் கேட்டுக்கு வந்து, கூரையில் ஸ்பீக்கர் இருந்த இடமாகப் பார்த்து உட்கார்ந்தார்.

போர்டிங் தொடங்கியது. ஆட்கள் முண்டியடித்து வரிசையில் நின்றார்கள். அவர் நிற்கவில்லை. வரிசை கரைந்தது. ஃபைனல் கால் வந்தது. அர்த்தம் தெரிந்தும் அவர் எழுந்திருக்கவில்லை.

பிறகு ஸ்பீக்கரில் அவருடைய பேர் வந்தது. குரல் கொஞ்சம் நடுங்கியது. பேர் நடுவில் உடைந்தது. அவர் அசையவில்லை.

போன் அடித்தது. மனைவி.

“ஏறிட்டீங்களா?”

“ஏறணும்.”

“என்ன அங்க மைக் சத்தம்?”

“யாரோ ஒருத்தர் இன்னும் வரலையாம். கூப்பிடறாங்க.”

“யாரந்தப் பொறுப்பு கெட்ட மனுஷன்? அவனுக்காக மத்தவங்க எல்லாம் காத்துக் கிடக்கணுமா?”

“அதானே,” என்றார் அவர்.

“நீங்க அங்க பராக்குப் பார்த்துக்கிட்டு பிளேனை விட்டீங்க, அப்புறம் என் முகத்துலயே முழிக்காதீங்க. பேரனையும் பார்க்க முடியாது, சொல்லிட்டேன்.”

போனை வைத்ததும் இரண்டாவது தடவை அவர் பேர் வந்தது. இந்தத் தடவை உடையவில்லை. ஆனால் அவசரம் தெரிந்தது. விமானம் போய்விடுமோ என்று கேட் கதவையே பார்த்தார். முப்பத்தொரு வருஷ ஒழுங்கு, எழுந்திரு எழுந்திரு என்று பிடித்துத் தள்ளியது. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மூன்றாவது தடவை இனிஷியலில் தொடங்கிக் கடைசி எழுத்துவரை பேர் முழுசாக, கணீரென்று வந்தது. கடைசி நாற்காலியில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்த ஒருவர் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தார்.

இவர் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார். அதற்குள் கேட்டில் நின்ற பெண் மூச்சு வாங்க ஓடிவந்தாள்.

“சார், அந்தப் பேர் நீங்களா? மூணு தடவை கூப்பிட்டாங்களே! இங்கிலீஷ் புரியலையா?”

“எல்லாம் புரிஞ்சுதும்மா.”

“அப்ப ஏன் சார் உக்காந்திருந்தீங்க? கதவைச் சாத்தப் போறாங்க!”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு போர்டிங் பாஸை நீட்டினார்.

“நான் ஒழுங்கா முதல்லயே ஏறிப் போயிருந்தா, இன்னிக்கு வேலைக்குச் சேர்ந்த என் சின்னப் பொண்ணு மைக்ல என் பேரைச் சொல்லியிருப்பாளாம்மா?”