ஆறு பேருக்கு ஒரு வகுப்பு

வாவிக்கரை இரும்புத் தொழிற்சாலையில், புதிதாக வந்த கணினி வெட்டு இயந்திரத்தின் முன்னால் ஸாதியா நிற்கிறாள். வயது இருபத்தாறு. தகடு வெட்டும் ஆறு ஆண்களுக்கும் இதைப் படிப்பிக்கும் வேலையை முதலாளி அவளிடம் கொடுத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை இந்த இயந்திரத்தில் வைக்கும் பரீட்சையில் தவறுகிறவருக்கு இனி இங்கே வேலையில்லை. ஆறு பேரும் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நிற்கிறார்கள். வெயிலேறக் கூரைத் தகரம் சடசடக்கிறது. அவளுடைய நாற்காலியில் யாரோ கிறீஸைத் தடிப்பாகப் பூசியிருக்கிறார்கள். ஒருவன் இருமுகிறான், இன்னொருவன் சிரிக்கிறான். ஸாதியா பழைய துணியொன்றை எடுத்து அவசரப்படாமல் துடைக்கிறாள், விரலிடுக்கெல்லாம் கறுப்பு. “ஆரு முதல்ல?” என்கிறாள். “நாங்க காஸ் கட்டரால வெட்டக்குள்ள நீ பிறக்கவும் இல்ல, புள்ள,” என்கிறார் ஆறு பேரில் மூத்தவரான கோணாமலை. “ஓம் அண்ணன். பரீட்சையில அதக் கேக்கமாட்டாங்க.” சிரிப்பு நின்றுபோகிறது. கோணாமலையின் கழுத்து நரம்பு புடைக்கிறது. அவர் ஏசப்போகிறார் என்று மற்றவர்கள் காத்திருக்கிறார்கள். அவரோ ஸ்டூலைக் காலால் இழுத்துப்போட்டு உட்கார்கிறார். அவளைப் பார்க்காமல் திரையைப் பார்க்கிறார். “காட்டு. ஆனா ஒன்னட்டப் படிச்சனெண்டு வெளிய எங்கயும் கதைச்சிராத.”