அம்மா குளிச்சிட்டிருக்காங்க

படியேறி வாசலுக்கு வந்த நொடியில், அவள் கண்ணெதிரே கதவு அறைந்து சாத்திக்கொண்டது.

காற்றுதான். வேறு யாரைக் குறை சொல்ல.

கையில் காலிக் குப்பைக்கூடை. சாவி உள்ளே ஆணியில் தொங்குகிறது. போனும் உள்ளே.

கீழே குப்பை வண்டியின் பாட்டுக் கேட்டதும் போட்டது போட்டபடி ஓடியிருந்தாள். இரண்டே நிமிஷம் என்றுதான் நினைத்தாள்.

சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் கதவு. வெளியிலிருந்து சாவி வேண்டும். உள்ளேயிருந்து குமிழைத் திருகினால் போதும். ஐந்து வயது மகள் ஆதிரைக்கு எட்டும் உயரம்தான்.

பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டாள்.

அப்போதுதான் வாளி நினைவுக்கு வந்தது.

சின்னவன் செழியனைக் குளிப்பாட்ட அடுப்பில் காய வைத்த தண்ணீர். கொதிக்கக் கொதிக்க வாளியில் ஊற்றியிருந்தாள். பச்சைத் தண்ணீர் விட்டு விளாவுவதற்குள் வண்டி வந்துவிட்டது. குளியலறைக் கதவைச் சாத்திய நினைவில்லை.

செழியனுக்குப் பதினாலு மாதம். நடக்கத் தொடங்கி ஒரு வாரம்தான் ஆகிறது. தண்ணீரைக் கண்டால் விடமாட்டான்.

கதவைத் தட்டினாள். அம்மா வந்திருக்கேன், கதவத் தொற என்றாள்.

உள்ளே பாதங்கள் ஓடி வந்தன. கதவருகில் நின்றன.

“அம்மா குளிச்சிட்டிருக்காங்க. அப்பறமா வாங்க.”

ஒரு நொடி சிரிப்புக்கூட வந்தது. எழுத்துப் பிசகாமல் ஒப்பிக்கிறாளே என்று.

பிறகுதான் உறைத்தது.

பாடம் சொல்லிக்கொடுத்தது அவளேதான்.

பிள்ளை பிடிக்கிறவர்கள் திரிகிறார்களாம். வாட்ஸ்அப்பில் வந்தது. யார் வந்து தட்டினாலும் திறக்காதே. அம்மா குளிக்கிறாங்கன்னு சொல்லு. அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாதே. செல்லம், தங்கம் என்று இனிக்க இனிக்கக் கூப்பிடுவார்கள். என் குரலிலேயே பேசினாலும் நம்பாதே, இப்போதெல்லாம் அதற்கும் போனில் வழி இருக்கிறது. அம்மாவிடம் சாவி இருக்கும். அம்மா எதற்குத் தட்டப்போகிறேன்?

சொன்னதோடு விட்டாளா? போன ஞாயிற்றுக்கிழமை வெளியே நின்று, தங்கம், அம்மா வந்திருக்கேன் என்று தேனொழுகக் கூப்பிட்டுச் சோதித்தும் பார்த்தாள்.

பிள்ளை ஓடி வந்து திறந்தது. சிரித்துக்கொண்டே திறந்தது.

கையை நீட்டச் சொன்னாள். உள்ளங்கையில் ஸ்கேலால் இரண்டு.

இன்றைக்கு, இந்தச் சோதனையில் ஆதிரை தேறிவிட்டாள்.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்கள். அவள் வைத்துக்கொண்டது அதுதான்.

சாவியை மறந்துட்டேன் என்றாள். உன் முழங்கால் தழும்பு எப்படி வந்தது சொல்லட்டுமா என்றாள். தம்பி எங்கே, அதையாவது சொல் என்றாள்.

கதவுக்கு அந்தப் பக்கம் மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

எதிர்வீடு பூட்டியிருந்தது. கணவன் ஆறு மணி ஷிப்டுக்குப் போய்விட்டான். கீழே ஓடி யாரையாவது கூட்டி வரலாம். ஆனால் இந்தக் கதவை விட்டு நகரக் கால் வரவில்லை.

உள்ளே பிளாஸ்டிக் மக் ஒன்று தரையில் உருண்டது.

அந்த மக் இருப்பது குளியலறையில்.

தொடர்ந்து செழியனின் சிரிப்பு.

நெற்றியைக் கதவில் வைத்துக்கொண்டு கெஞ்சினாள். தங்கம். செல்லம். என் ராசாத்தி. அப்படியெல்லாம் கூப்பிட்டுப் பழக்கமில்லாத நாக்கு தடுமாறியது.

பாதங்கள் கதவை விட்டு ஓடின.

உள்ளே எங்கோ ஒரு கதவு அடித்துச் சாத்தப்பட்டது. செழியன் வீறிட்டான்.

அவளுக்குள் ஏதோ அறுந்தது. இரண்டு கையாலும் கதவைக் குத்தினாள்.

“இப்பத் தொறக்கறயா இல்லியாடி? உள்ள வந்தேன்னு வையி, தோல உரிச்சுப் போடுவேன்.”

மாடிப்படி முழுக்க அந்தக் குரல் இறங்கிப் போனது.

உள்ளே சத்தம் நின்றது. செழியன்கூட ஒரு கணம் அழுகையை நிறுத்தினான்.

பிறகு பாதங்கள் திரும்பி வந்தன. இந்த முறை மெதுவாக, எதையோ சுமந்துகொண்டு வருகிற நடை. கதவருகில் ஆதிரை யாரிடமோ தணிந்த குரலில் சொன்னாள்.

“அழாதடா. அம்மாதான்.”

இத்தனை தங்கத்துக்கும் செல்லத்துக்கும் அசையாத குமிழ் திரும்பியது.

ஆதிரையின் இடுப்பிலிருந்து செழியன் பாதி வழுக்கித் தொங்கினான். கையில் காலில் ஈரம் இல்லை. சட்டை காய்ந்தே இருந்தது. அவர்களுக்குப் பின்னால் குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. கீழ்த் தாழ்ப்பாள் வெளியே போட்டிருந்தது.

ஆதிரை தம்பியைப் பத்திரமாகத் தரையில் இறக்கி விட்டாள். தன் பாவாடையில் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டாள். கண்களை இறுக மூடினாள்.

கையை நீட்டினாள்.

கதவைக் குத்த ஓங்கிய அவள் கை இன்னும் இறங்காமல் அப்படியே நின்றது.