இரண்டு முனையிலும் பிளக்

திறந்த வாயோடு ஒரு நோயாளி, நின்றுபோன துளைக்கருவியோடு பல் டாக்டர், இருவருக்கும் நடுவில் கருவிப்பையோடு அவள். பட்டப்பகலில் கரண்ட் போய்ப் பத்து நிமிடம் ஆகியிருந்தது.

போன வருடம் மொட்டைமாடியில் பதினான்கு சோலார் தகடுகளை மாட்டித் தந்த எலக்ட்ரீஷியன் அவள்தான். அதனால் குற்றவாளியும் அவள்தான்.

"உச்சி வெயில்ல மாடி பூரா சோலார். கீழ நான் இருட்டுல பல்லைத் தேடிட்டு இருக்கேன்," என்றார் டாக்டர்.

தெருக் கம்பியில் கரண்ட் நின்றால், சோலார் கரண்டை வீட்டுக்கு மாற்றித் தரும் இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிடும். இல்லையென்றால் மாடியில் விளையும் கரண்ட் வாசலைத் தாண்டித் தெருக் கம்பிக்குப் போய், அங்கே வேலை செய்பவரைக் கொன்றுவிடும். இதை அவள் நான்காவது முறையாகச் சொன்னாள். தினமும் இரண்டு வேளை பல் தேய்க்கிறேன் என்று நோயாளிகள் சொல்லும்போது தலையாட்டுவதுபோலவே டாக்டர் தலையாட்டினார்.

பிறகு பின்னறையிலிருந்து ஒரு சின்ன ஜெனரேட்டரையும் ஒரு வயரையும் கொண்டுவந்தார்.

வயரின் இரண்டு முனையிலும் பிளக். ஒன்று ஜெனரேட்டருக்கு, மற்றது சுவருக்கு. செருகினால், தெருவில் கரண்ட் வந்துவிட்டது என்று இன்வெர்ட்டர் ஏமாந்து ஓட ஆரம்பிக்கும். ஏதோ வீடியோவில் பார்த்தாராம்.

மெயின் சுவிட்சை இறக்கித் தெருவோடு உறவைத் துண்டிக்கலாம் என்றால், அது துருப்பிடித்து அசைய மறுத்தது. மாற்றச் சொல்லி அவள் எழுதிக் கொடுத்த சீட்டு மெயின் பெட்டிக்குள்ளேயே பத்திரமாக இருந்தது.

ஜன்னலுக்கு வெளியே கம்பத்தின் உச்சியில் லைன்மேன். கையுறைகள் இரண்டும் பின்பாக்கெட்டில்.

"அவங்கல்லாம் கம்பிக்கு எர்த் போட்டுட்டுத்தான்மா கை வைப்பாங்க. நீ செருகு."

"இந்த ஆளு போட மாட்டாரு சார். சோம்பேறி."

"உனக்கென்ன அவ்வளவு அக்கறை? அவன் என்ன, மாமனா மச்சானா?"

அவள் வயரைக் கையில் வாங்கினாள். டாக்டரின் முகம் தெளிந்தது.

ஜன்னலைப் பார்த்தாள். கொஞ்சம் அதிக நேரமே பார்த்தாள்.

பிறகு கட்டிங் பிளேயரை எடுத்து வயரை நடுவில் வெட்டினாள். போதாது என்று தோன்றவே, இன்னும் இரண்டு வெட்டு.

"என் தம்பி வீட்டு வேலை, மச்சினி வீட்டு வேலை, எதுவும் உனக்குக் கிடையாது. கிளம்பு."

"அவரு இறங்கட்டும் சார், கிளம்பிடுறேன்," என்று சொல்லி ஜெனரேட்டர்மேல் ஏறி உட்கார்ந்தாள். எழுபத்திரண்டு கிலோவால் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பிரயோசனம்.

நோயாளி ஏதோ சொன்னார். பாதி வாய் மரத்துப்போயிருந்ததால், அவர் யார் கட்சி என்று கடைசிவரை தெரியவில்லை.

நாற்பது நிமிடம் கழித்து லைன்மேன் இறங்கினார். கரண்ட் வந்தது. அடுத்த மாதத்துக்குக் கைவசம் ஒரு வேலையும் இல்லாமல், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் தெருவுக்கு வந்தாள்.

அவளைக் கண்டதும் லைன்மேன் அவசர அவசரமாகக் கயிற்றைச் சுருட்ட ஆரம்பித்தார்.

எட்டு மாதத்துக்கு முன்னால், குடும்ப நீதிமன்றத்து வராந்தாவில், விவாகரத்துத் தாளில் போட்ட கையெழுத்து காய்வதற்குள், வக்கீல்களெல்லாம் திரும்பிப் பார்க்க, "நீ கம்பத்துலதான்டா கருகிச் சாவே" என்று அவள் சாபம் விட்டது இந்த ஆளுக்குத்தான்.

அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் எண்ணம் அவளுக்கு இப்போதும் இல்லை. தலையை நிமிர்த்திக்கொண்டு அவரைக் கடந்து போனாள்.

பலிப்பதாக இருந்தால் பலித்துக்கொள்ளட்டும். அவள் வயரிங் செய்த வீட்டு வழியாக வேண்டாம்.