பாதி டேங்க்

ஆறு வருஷமாக ஷெட்டில் நின்ற காரின் ஸ்டார்ட்டருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. காலையிலிருந்து இன்ஜினைச் சுற்றிவிடுகிறது. இன்ஜின் உயிர்பிடிக்கவே இல்லை. இரவல் பேட்டரியில் இன்னும் ஒரு தடவைக்குத்தான் தெம்பு. அதிலும் கிளம்பாவிட்டால் வண்டியை இரும்புக்கடைக்குப் போடுவதாகச் சொந்தக்காரர் சொல்லிவிட்டார்.

"தீப்பொறி விட்டியா இல்லையா?" என்று பிளக்கிடம் கத்தியது.

"விட்டேண்ணே. பெட்ரோல் வந்தாத்தானே பத்தும்?"

"பெட்ரோலுக்கு என்ன, பாதி டேங்க் இருக்கு" என்றது மீட்டர் முள்.

"எப்பப் பார்த்தே?" என்றது ஸ்டார்ட்டர்.

முள்ளின் குரல் குழைந்தது. "குற்றாலத்திலேருந்து திரும்பினோமே, அன்னைக்கு. பின்சீட் முழுக்க ஈரத்துண்டு. பிள்ளைங்க மடியில மங்குஸ்தான். ஞாபகமில்லையா?"

ஸ்டார்ட்டருக்கு ஞாபகம் வந்தது. அதற்கப்புறம் திட்ட வாய் வரவில்லை.

அப்போது வண்டியைக் கிளப்ப வந்திருந்த மெக்கானிக் டேங்கைத் தட்டினார். காலிக்குடம் மாதிரிச் சத்தம் கேட்டது. பாட்டில் பெட்ரோலை ஊற்றிச் சாவியைத் திருப்பினார். ஸ்டார்ட்டர் மூச்சைப் பிடித்துச் சுற்றியது. இன்ஜின் உறுமியது.

தெருமுனை தாண்டியதும் ஸ்டார்ட்டர் மெதுவாகக் கேட்டது: "இப்ப எவ்வளவு இருக்கு, பார்த்துச் சொல்லேன்."

"பாதி டேங்க்" என்றது முள். "துண்டெல்லாம் இன்னும் காயல."