சிவப்பு வட்டம்

“அந்தப் பேரைத் துடைங்க முதல்ல!”

ஏணி மேல் நின்றிருந்த பெயின்டர் கண்ணாயிரம் பிரஷ்ஷோடு திரும்பினார். கீழே உரக்கடை ரங்கசாமியின் மனைவி புவனா. இடுப்பில் கை, மூக்கு நுனியில் கோபம்.

மறுநாள் பள்ளியின் பாதுகாவலரான புனித இஞ்ஞாசியார் திருநாள். போன வருடம் முழுக்க ஒருநாள்கூட லீவு போடாத பையனின் பெயரை அன்றைக்கு ஹாலில் இருக்கும் தேக்குப் பலகையில் ஏற்றுவார்கள். ஜவ்வாது மலையில் ஃபாதர்கள் இந்தப் பள்ளியைத் தொடங்கிய நாளிலிருந்து அதுதான் வழக்கம். இந்த முறை இரண்டு பெயர். ‘சி. சின்னராஜ்’ ஈரம் காயாமல் மின்னியது. அதற்குக் கீழே, புவனாவின் மகன் பார்த்திபனுக்கு இடம் விட்டிருந்தது.

“எழுதச் சொன்னது ஃபாதருங்க. தொடைக்கறதுன்னாலும் அவருதான் சொல்லணும்.”

“இருங்க, அவரையே சொல்ல வைக்கறேன்.”

சத்தம் கேட்டுத் தலைமையாசிரியர் ஃபாதர் சவரிமுத்துவே வந்துவிட்டார்.

“உட்காருங்கம்மா.”

“உட்கார வரல ஃபாதர். பிப்ரவரி பதினெட்டாம் தேதி இந்தச் சின்னராஜ் ஸ்கூலுக்கு வரல. போளூர்ல இருந்தான். என் ரெண்டு கண்ணால பார்த்தேன்.”

“போளூர்ல எங்கே?”

“கவர்மென்ட் ஆஸ்பத்திரி வாசல்ல. யூனிஃபார்மோட, கால்ல செருப்புகூட இல்லாம. அன்னிக்கு அங்கதான் எங்க சித்தப்பா பொண்ணு கல்யாணம், தேதி மறக்குமா? இந்தப் பலகைக்காக என் புள்ள அந்தக் கல்யாணத்துக்கே வரல. ‘போம்மா, லீவு போட மாட்டேன்’னுட்டான். இவன் இன்னாடான்னா ஊர் சுத்திட்டு வந்து, என் புள்ள தலைக்கு மேல பேர் எழுதிக்குவானா?”

“அவன் உங்களைப் பார்த்தானா?”

“நேருக்கு நேர் பார்த்தான். சிரிச்சுக்கிட்டே ரெண்டடி கிட்ட வேற வந்தான். கூட எங்க சொந்தக்காரங்க எல்லாம் நிக்கறாங்க. மூஞ்சியத் திருப்பிக்கிட்டு ஆட்டோல ஏறிட்டேன்.”

“என்னப்பா இங்கேன்னு கேட்கலையா?”

“நான் எதுக்குக் கேக்கணும்? நான் படிச்ச கான்வென்ட்ல ஆப்சென்ட்னா ஆப்சென்ட். ரிஜிஸ்டர் பொய் சொல்லக் கூடாதுன்னு சிஸ்டர் ஸ்கேலால அடிச்சே சொல்லிக் குடுத்தாங்க.”

ஃபாதர் உள்ளே போய், ரிஜிஸ்டரை எடுத்துவந்து விரித்தார். பிப்ரவரி பதினெட்டு. சின்னராஜ் பெயருக்கு நேரே சிவப்பு மையில் சின்னதாக ஒரு வட்டம்.

“இது இன்னா, புதுசா?”

“பழசுதாம்மா. இன்னொரு உயிருக்காக ஓடினவனை நாங்க ஆப்சென்ட் போடறதில்லை. வட்டம் போடுவோம். அன்னிக்குப் புளி பொறுக்கப் போன இடத்துல அவங்கம்மா அம்மாக்கண்ணுவைப் பாம்பு கடிச்சிடுச்சு. நான்தான் பள்ளி ஜீப்பை எடுத்துட்டுப் போளூருக்குப் போனேன். எப்படியோ பிழைச்சுட்டாங்க.”

புவனா ஒரு நொடி தடுமாறினாள். ஒரே நொடிதான்.

“பாவந்தான். இல்லைங்கல. ஆனா வராதது வராததுதானே? சட்டம்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே ஃபாதர்?”

“ஒண்ணுதான். அதனால, ஒரு பேரைத் துடைச்சா இன்னொண்ணையும் எழுதக் கூடாது.”

அவர் விரல் அதே தேதியில் கீழே இறங்கியது. இன்னொரு சிவப்பு வட்டம். ர. பார்த்திபன்.

“கூப்பிடாமலே ஜீப்புல ஏறினாம்மா உங்க பையன். மலை இறங்கி முடியற வரைக்கும் அந்தம்மா காலை மடியில வச்சு அசையாமப் பிடிச்சிருந்தான். அங்கிருந்தே உங்க வீட்டுக்காரருக்குப் போன் பண்ணேன். ‘அவகிட்ட நான் சொல்லிக்கறேன் ஃபாதர்’னார்.”

ரங்கசாமி சொல்லவில்லை. மலைப் பசங்களோடு சேராதே என்று மகனைத் தினமும் வைகிறவளிடம் என்னவென்று சொல்வார்?

புவனா பெஞ்சில் உட்கார்ந்தாள்.

“அப்ப… நான் வாசல்ல நின்னப்ப, என் புள்ள உள்ளதான் இருந்தானா?”

“அந்தம்மா கட்டில் பக்கத்துல.”

ஏணியிலிருந்து கண்ணாயிரத்தின் குரல் வந்தது. “ஃபாதர், பெயின்ட் காயுது. தொடைக்கறதா, வேணாமா?”

ஃபாதர் புவனாவைப் பார்த்தார். புவனாதான் தலை நிமிராமல் வேண்டாம் என்று கையை அசைத்தாள். பிறகு, இத்தனை நேரம் கத்திய குரலா இது என்று தோன்றும்படி மெதுவாகக் கேட்டாள்.

“நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டது பார்த்திக்குத் தெரியுமா ஃபாதர்?”

“தெரியாதும்மா. சின்னராஜ் உள்ள வந்து அவன்கிட்ட சொன்னப்போ நானும் பக்கத்துலதான் இருந்தேன். நீங்க இப்போ சொல்ற வரைக்கும் நானும் அதை நிஜம்னுதான் நம்பிட்டு இருந்தேன்.”

“இன்னா சொன்னான்?”

“‘உங்கம்மா வாசல்ல போனாங்கடா பார்த்தி. நான்தான் கூப்பிடாம வுட்டுட்டேன். அவங்க என்னைப் பார்க்கவே இல்ல.’”